பதின்மூன்றுக்கு ஒன்று

போலீஸ் ஸ்டேஷன் கொல்லைப்புறத்தில் அந்த மோட்டார் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டி, இரண்டு சக்கரமும் தரையைத் தொட்டும் தொடாமலும் நேராக நிறுத்தியிருந்தார்கள். இடப்பக்கம் முழுக்கத் தார்ச்சாலையில் தேய்ந்திருந்தது. அதற்கு முன்னால் சர்வேயர் மேடம் நடந்துகொண்டிருந்தார். மதிலிலிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து மதில். காலையிலிருந்து இதே பிழைப்பு.

"கொஞ்சம் உட்காருங்க மேடம். உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிடும் போலிருக்கு."

"நீ பார்க்காதே. சிரிஞ்ச் வாங்கிட்டு வந்தியா?"

"வந்தேன். மருந்துக்கடைக்காரர் யாருக்கு ஊசின்னு கேட்டார். எஞ்சினுக்குன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ஊசியை அவரே வெச்சுக்கிட்டு வெறும் சிரிஞ்சை மட்டும் கொடுத்தார்."

மேடம் சிரிக்கவில்லை. கேஸ் முடியும்வரை சிரிப்பதில்லை என்று அவருக்கு ஏதாவது வேண்டுதல் இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பெழுதும் சர்வேயராக இருந்தவர். பொய் க்ளெய்ம் ஒன்றில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வெளியே வந்து, துப்பறியும் அலுவலகம் வைத்தார். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அவருடைய உதவியாளன். உயரத்தையும் அகலத்தையும் உத்தேசித்து ஊர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஒட்டடைக்குச்சி. ஊர் வாயை மூட முடியாது.

வராந்தா பெஞ்சில் எங்கள் கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய தம்பி நெடுந்தூர பைக் பந்தயக்காரன். சாதாரண சாலையில், சாதாரண பங்க் பெட்ரோலில், விளக்கு, ஹார்ன், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றோடும் ஓட வேண்டிய பந்தயம். அவளுடைய புருஷன் அதே அணியின் மெக்கானிக். கம்பெனி பிஸ்டன் கிடைக்காமல், வெளியில் தயாரான பிஸ்டன்களை வாங்கி மாட்டினான். முந்தாநாள் காலையில் பந்தயம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பிஸ்டன் உருகி ஓட்டையாகி, எஞ்சின் இறுகி, தம்பி தூக்கி எறியப்பட்டான். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை.

நேற்று அந்த அணியின் பழைய ட்யூனர், அதாவது எஞ்சினைப் பந்தயத்துக்குப் பதப்படுத்துகிறவன், இங்கே வந்து, இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு எஞ்சினை அளந்து பார்த்தான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னான்: "கம்ப்ரஷன் பதின்மூணுக்கு ஒண்ணு. பங்க் பெட்ரோலுக்கு பதினொண்ணைத் தாண்டினாலே வெடிக்கும். எந்த மெக்கானிக்கும் தெரியாம இப்படிச் செய்யமாட்டான்."

மாமனும் மச்சானும் போன வாரம்தான் வாய்த்தகராறு போட்டிருந்தார்கள். இவள் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். அங்கேயே இன்ஸ்பெக்டரிடம், "என் புருஷன்தான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் எங்கள் அலுவலக வாசலில் நின்றாள்.

"நான் சொன்னது நிஜமான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றாள். "நிஜம்னா இனி அந்த ஆள் முகத்துல முழிக்க மாட்டேன். பொய்யின்னா..."

பொய்யென்றால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மெக்கானிக் லாக்கப்பில் இருந்தான். மத்தியானம் மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயார் என்று அவனே சொல்லிவிட்டதாக இன்ஸ்பெக்டர் திருப்தியாக இருந்தார்.

"முதல்ல அந்த ஆளைப் பார்ப்போம்" என்றார் மேடம்.

லாக்கப்பில் மெக்கானிக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கைகளை முழங்காலைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"பிஸ்டன் பெட்டியில என்ன போட்டிருந்தது?" மேடம் கம்பிக்கு வெளியிலிருந்தே கேட்டார்.

"பன்னிரண்டுக்கு ஒண்ணு."

"பன்னிரண்டே ஜாஸ்தியாச்சே. ஏன் மாட்டினீங்க?"

"பெட்டியில இருக்கிற எண்ணை நம்பி யாரும் மாட்டமாட்டாங்க மேடம். அது கம்பெனி எஞ்சினை அப்படியே வெச்சுச் சொல்ற கணக்கு. நான் சிலிண்டருக்கு அடியில கனமான கேஸ்கெட் தகடு கொடுத்து, தூக்கி உட்காரவெச்சேன். பிஸ்டனுக்கு மேல இடம் கூடிடும், அழுத்தம் குறைஞ்சிடும். எண்ணெய் ஊத்தி அளந்தேன். பத்தரை சொச்சம் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "வந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

"நினைக்கிறீங்களா? அளந்தீங்களா?"

"அளந்தேன். தப்பா அளந்திருப்பேன். விடுங்க மேடம்."

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம் கொல்லைப்புறத்துக்கு வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"மேடம், எனக்கு இந்தக் கணக்கைப் புரியும்படியா சொல்லிடுங்க. இல்லேன்னா நான் தலையாட்டுறது பொய்யா இருக்கும்."

"பிஸ்டன் கீழே இருக்கும்போது அதுக்கு மேல எவ்வளவு இடம் இருக்கு, மேலே வந்து நிக்கும்போது எவ்வளவு இடம் மிச்சம். பெரிய இடத்தைச் சின்ன இடத்தால வகுத்துடு. அவ்வளவுதான்."

"புரிஞ்சுது. பதின்மூணு பஸ் ஜனத்தை ஒரே பஸ்ல ஏத்தினா பதின்மூணுக்கு ஒண்ணு. நான் தினமும் அந்த பஸ்லதான் வர்றேன்."

"கிட்டத்தட்ட. அளவுக்கு மேல அழுத்தினா நெருப்பு தானா பத்திக்கும். பிஸ்டன் உருகும்."

நல்லவேளையாக அது இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். இடப்பக்கத்துப் பிஸ்டன்தான் ஓட்டை. வலப்பக்கம் முழுசாக இருந்தது. மேடம் அந்தப் பக்கத்துத் தீப்பொறி பிளக்கைக் கழற்றினார். இறுகிய எஞ்சின் சூடு ஆறி இளகியிருந்ததால், கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டச் சொல்லி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் "போதும்" என்றார். சிரிஞ்சில் மெல்லிய எண்ணெயை இழுத்து, பிளக் துளை வழியாக மெதுவாக விட்டார். கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

எண்ணெய் துளையின் வாய்வரை வந்து நின்றது. உள்ளே போனது இருபத்தேழு மில்லி.

"பிளக் மரைக்குள்ளே நிக்கிறது ரெண்டு. அதைக் கழிச்சா இருபத்தஞ்சு" என்றார் மேடம். "பிஸ்டன் ஏறி இறங்கற இடம் இருநூத்தி நாற்பது. போடு கணக்கை."

"இருநூத்தி நாற்பதும் இருபத்தஞ்சும் இருநூத்தி அறுபத்தஞ்சு. வகுத்தல் இருபத்தஞ்சு..." நான் செல்போனைத் தட்டினேன். "பத்து புள்ளி ஆறு! மேடம், பத்தரை சொச்சம்! அந்த மனுஷன் சொன்னது அப்படியே வந்திருக்கு!"

நான் வராந்தாவை நோக்கிப் பாய்ந்தேன். மேடம் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கே ஓடறே?"

"அந்த அம்மாகிட்ட சொல்ல வேண்டாமா? ட்யூனர் பொய் சொல்லியிருக்கான். கேஸ் முடிஞ்சுது. நான் டீ குடிக்கலாம்."

"ட்யூனர் ஏன் பதின்மூணுன்னு சொன்னான்?"

"பொய் சொல்றவன் எதையாவது சொல்வான்."

"பெட்டியில பன்னிரண்டுன்னு அச்சடிச்சிருக்கு. பொய் சொல்ல நினைக்கிறவன் அதையே எடுத்துச் சொல்லலாம். யார் கேட்டாலும் பெட்டியைக் காட்டலாம். அதை விட்டுட்டுப் பதின்மூணுன்னு ஒரு எண்ணை எங்கிருந்து பிடிச்சான்?"

நான் டீயை மறந்துவிட்டுச் செல்போனில் கணக்கை மறுபடி தட்டிப் பார்த்தேன்.

மேடம் மறுபடி நடக்க ஆரம்பித்தார். மதில், குழாயடி, மதில். மூன்றாம் முறை திரும்பும்போது வண்டியின் இடப்பக்கம் குனிந்தார். சைடு ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் முறிந்த மொட்டைத்துண்டு மட்டும் இருந்தது.

"ஸ்டாண்டு எங்கே சார்?"

"விழுந்த இடத்துலயே முறிஞ்சு கிடந்துச்சும்மா" என்றார் கான்ஸ்டபிள். "தனியா பையில கட்டி சீல் வெச்சிருக்கோம். வண்டியை லாரியில நிமிர்த்திக் கட்டி எடுத்துட்டு வந்தோம். வந்ததிலேருந்து இந்தச் சங்கிலிதான்."

"நேத்து ட்யூனர் வந்தப்போ கூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை. தனியா விட்டாதான் கவனமா பார்க்க முடியும்னார். நான் வாசல்ல நின்னேன். அந்தப் பக்கம் வேற வழி கிடையாது."

மேடத்தின் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். அடுத்து என் உடம்புக்கு ஏதோ கஷ்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஒட்டடை, எண்ணெயை உறிஞ்சி வெளியே எடு. அப்புறம் வண்டியை இடப்பக்கமா சாய்ச்சுத் தோள்ல தாங்கிப் பிடி. சைடு ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி."

"மேடம், நான் பேருக்கேத்த உடம்புக்காரன்."

"பிடிப்பா."

பிடித்தேன். சங்கிலி கிறீச்சிட்டது. இருநூறு கிலோவில் பாதி என் வலது தோளில் உட்கார்ந்தது. என் குலதெய்வத்தைத் தவிர மற்ற தெய்வங்களையும் கூப்பிட்டேன். மேடம் சாவகாசமாக எண்ணெயை விட்டார். சீக்கிரமே துளையின் வாய்க்கு வந்துவிட்டது.

"இருபத்திரெண்டு. மரைக்கு ரெண்டு கழிச்சா இருபது. இருநூத்தி அறுபதை இருபதால வகு."

"பதி... பதின்மூணு" என்றேன் மூச்சு முட்ட. "கச்சிதமா பதின்மூணு! அது எப்படி?"

"பிளக் துளை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கு. வண்டி இடப்பக்கம் சாய்ஞ்சா, சாய்ச்ச பாட்டில்ல தண்ணி பிடிக்கிற கதைதான். வலப்பக்க மூலையில காத்து மாட்டிக்கும். அந்த இடத்துக்கு எண்ணெய் போகாது. துளை நிரம்பினதும் உள்ளேயும் நிரம்பிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். அவசரக்காரன் செய்யற தப்பு. ட்யூனர் பொய் சொல்லலை. நிஜமாவே அளந்திருக்கான்."

"அப்போ அவன் நல்லவனா?"

"வண்டியை நிமிர்த்து, சொல்றேன்."

நிமிர்த்தினேன். மேடம் பதில் சொல்லாமல் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். உள்ளே தீப்பொறி விழும் நேரத்தை வைக்கிற தட்டு இருந்தது. மெக்கானிக்குகள் திருகை முறுக்கி முடித்ததும், திருகின் தலையிலிருந்து தட்டுவரை ஒரு பெயின்ட் கோடு போடுவார்கள். யாராவது கை வைத்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும். இங்கே மஞ்சள் கோடு இருந்தது. திருகில் பாதி, தட்டில் பாதி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் தள்ளி நின்றன.

மேடம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி ட்யூனரை வரவழை. பாராட்டணும்னு சொல்லச் சொல்லு, பறந்து வருவான்."

பறந்துதான் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெக்கானிக் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாத சுத்தமான கைகள். போன பந்தயம்வரை அணியின் எஞ்சின்கள் இவன் பொறுப்பு. தொடர்ந்து தோற்றதும் முதலாளி இவனை ஓரங்கட்டிவிட்டு நம் மெக்கானிக்கைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் அறையில் காலை நீட்டி உட்கார்ந்தான். வாசலில் கட்சிக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், சீக்கிரம் முடிங்க. நான் கோர்ட்டுக்குக் கிளம்பணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரே கேள்விதான் சார்" என்று மேடம் ட்யூனர் பக்கம் திரும்பினார். "பதின்மூணுன்னு எப்படித் தம்பி அளந்தீங்க? வண்டி எப்படி நின்னுது?"

"அதான் சங்கிலியில தொங்குதே. நேரா நிறுத்தி, ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் அளந்தேன். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது."

"நேரா நின்னா பத்து புள்ளி ஆறு வருது. இப்போ அளந்தோம். கான்ஸ்டபிள் சாட்சி."

ட்யூனரின் கால் மெல்ல உள்ளே வந்தது. "அப்போ... கொஞ்சம் சாய்ச்சு வெச்சிருப்பேன்."

"ரசமட்டம் வெச்ச அப்புறமா?"

"ஞாபகம் இல்லை."

"இல்லை தம்பி. தனியா வந்தீங்க. சாய்ச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும், எண்ணெய் விட ஒரு ஆள் வேணும்."

"என் தோள்பட்டையைக் கேளுங்க, சொல்லும்" என்றேன் நான்.

"ஒத்தை ஆளா அளந்து பதின்மூணு வரணும்னா வண்டி சைடு ஸ்டாண்டுல நிக்கணும்" என்றார் மேடம். "அந்த ஸ்டாண்டு விபத்துல முறிஞ்சு, சீல் வெச்ச பையில கிடக்கு. அப்போ நீங்க அளந்தது விபத்துக்கு அப்புறம் இல்லை. அதுக்கு முன்னாடி. நேத்து இங்கே வந்து சும்மா நின்னுட்டு, பழைய எண்ணைப் புது எண் மாதிரி சொல்லிட்டுப் போயிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் கட்டுக்கதை!" ட்யூனர் எழுந்துவிட்டான். "அது பதின்மூணுதான். எனக்கு அளக்கத் தெரியாதா? இவங்க எண்ணெயைக் கொட்டிட்டு என்னமோ சொல்றாங்க. ஷெட்ல நானே ரெண்டு தடவை விட்டுப் பார்த்தேன், ரெண்டு தடவையும்..."

சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. மெதுவாக உட்கார்ந்தான்.

"எந்த ஷெட்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம்தான் பேசினார். "பந்தயத்துக்கு முந்தின நாள் சாயந்திரம், அணி ஷெட்ல. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனீங்க. எஞ்சினைக் கெடுக்கணும், பழி மெக்கானிக் மேல விழணும். முதல்ல அளந்து பார்த்தீங்க. பதின்மூணுன்னு வந்ததும் உங்களுக்குக் கொண்டாட்டமாப் போச்சு. இனி என்ன செஞ்சாலும் யாரும் வேற எதையும் தேடமாட்டாங்க. தட்டைத் திருப்பி, தீப்பொறி முன்கூட்டியே விழுந்து பிஸ்டன் உருகற மாதிரி வெச்சுட்டு வந்தீங்க. பழியை முதல்ல கண்டுபிடிச்சீங்க, குற்றத்தை அப்புறம் செஞ்சீங்க."

"மஞ்சள் பெயின்ட் பிரிஞ்சு கிடக்கு சார், வந்து பாருங்க" என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

"எஞ்சின் நின்னுடும்னுதான் நினைச்சேன்" என்றான் ட்யூனர். குரல் கீழே போய்விட்டது. "விழுவான்னு நினைக்கலை."

வாசலில் நின்றவள் அவனை அடிக்கப் பாய்வாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பி லாக்கப் பக்கம் நடந்தாள். நானும் மேடமும் பின்னால் போனோம்.

கான்ஸ்டபிள் கம்பிக்கதவைத் திறந்துவிட்டு, "வெளியே வாங்க, உங்க மேல தப்பில்லை" என்றார். மெக்கானிக் நகரவில்லை. மேடத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு வந்துச்சு மேடம்?"

"பத்து புள்ளி ஆறு."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் சொல்வதற்கு வைத்திருந்த இரண்டு ஜோக்குகளை விழுங்கிக்கொண்டேன்.

அவன் மனைவி உள்ளே போய், அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றாள்.

"தெரியும்."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அளந்தேன், சரியாத்தான் இருந்துச்சுன்னு கத்தியிருக்கலாமே. ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றான். "நீ கேட்கவே இல்லை. நீயே நம்பிட்டேன்னு தெரிஞ்சதும், எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு."

அவள் முந்தானை நுனியை மறுபடி விரலில் சுற்றினாள். கான்ஸ்டபிள் ட்யூனரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் நிறுத்தினார். அந்த அறை அவனுக்கு வேண்டும். ஆனாலும் அவர் அவசரப்படுத்தவில்லை.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டான்.

"தம்பி எப்படி இருக்கான்? ரெண்டு நாளா யார்கிட்டயும் கேட்கலை. கேட்கிற உரிமை எனக்கு இல்லைன்னு நினைச்சேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, கிரீஸ் படிந்த அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் கண்ணு முழிக்கலைங்க. வாங்க, நீங்க வந்து கூப்பிடுங்க."